எச்.எஸ்.சி.யில் உயிரியலை எடுப்பதா, விடுவதா?

ரோஸ்ஹில் அம்மா

அனைவருக்கும் வணக்கம். இங்கே மொரிசியஸில் என் மகளுக்கு எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) தேர்வு முடிவுகள் வந்துவிட்டன; இதில் 1 தான் மிக உயர்ந்த தரம். வேதியியலில் 2, கணிதத்தில் 2, உயிரியலில் 3, இயற்பியலில் 4. அடுத்து வரும் இரண்டாண்டு எச்.எஸ்.சி. படிப்பின் முதல் ஆண்டான லோயர் சிக்ஸில் சேரும்போது மூன்று முதன்மைப் பாடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வேதியியல், கணிதம் ஆகிய இரண்டிலும் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவது இடத்தில் உயிரியலை வைப்பதா, இயற்பியலை வைப்பதா என்பதில்தான் இரண்டு வாரமாகப் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அவள் இந்தியாவுக்குப் போய் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம்; அதனால் உயிரியல் என்கிறார். உயிரியல் வெறும் மனப்பாடம், கணக்கு நன்றாக வருகிற பெண் அதில் இரண்டு ஆண்டுகளைச் செலவிடக் கூடாது என்பது என் அண்ணனின் கருத்து. மகளோ மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 2020 ஆகஸ்டில், நம் கரையருகே தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது அவள் சிறு பெண். மாயேபூரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்த அவள், எண்ணெய் பரவாமல் தடுக்கத் துணிப்பைகளுக்குள் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர்களின் நடுவே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் கடல், பவளம், அலையாத்தி மரம் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு வருகிறாள்.

மருத்துவம் நோக்கமாக இல்லையென்றாலும் உயிரியல் எடுப்பதில் பயன் உண்டா? அது மனப்பாடப் பாடம்தானா? படித்தவர்களும் கற்பித்தவர்களும் வெளிப்படையாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கியூர்பிப் ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம், அம்மா. நான் நீண்ட காலம் எச்.எஸ்.சி. வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன். மனப்பாடம் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஆண்டுதோறும் தகுதியுள்ள பிள்ளைகள் சிலர் உயிரியலை விட்டு விலகுகிறார்கள், வேறு சிலர் கணக்குக்குப் பயந்து அதற்குள் வந்து திண்டாடுகிறார்கள்.

எஸ்.சி. நிலையில் உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எச்.எஸ்.சி.யில் நிலைமை மாறுகிறது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் 19 தலைப்புகள் உள்ளன. முதல் ஆண்டுக்கு 11, இரண்டாம் ஆண்டுக்கு 8. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை ஏராளம் என்பதை நான் மறைக்கவில்லை. சுவாசத்தில் கிரெப்ஸ் சுழற்சி, ஒளிச்சேர்க்கையில் கால்வின் சுழற்சி, புரத உற்பத்தி, நோயெதிர்ப்பு என்று ஒவ்வொன்றும் படிப்படியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தேர்வில் அந்தப் படிகளை ஒப்பிக்கச் சொல்வது குறைவு. பிள்ளை அதற்கு முன் பார்த்தே இராத ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, இது ஏன் இப்படி ஆயிற்று என்று விளக்கச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தவன் அங்கே தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டு, கேட்டதை எழுதாமல் வருகிறான்.

ஐந்து தாள்கள் உண்டு. முதல் தாள் 40 கொள்குறி வினாக்கள். இரண்டாவதும் நான்காவதும் எழுத்துத் தேர்வுகள்; நான்காவது மட்டுமே மொத்தத்தில் 38.5 விழுக்காடு. மூன்றாம் தாள் ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் செய்முறைத் தேர்வு. ஐந்தாம் தாளில் ஆய்வகம் கிடையாது. ஒரு சோதனையை எப்படி நடத்துவாய், எதை மாற்றுவாய், எதை மாறாமல் வைத்திருப்பாய், கிடைத்த எண்களை எந்தப் புள்ளியியல் சோதனையால் ஆராய்வாய் என்று தாளிலேயே திட்டமிட வேண்டும். மூன்றாம், ஐந்தாம் தாள்கள் இரண்டும் சேர்ந்து 23 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. திட்ட விலக்கம், கை-வர்க்கச் சோதனை (chi-squared), டி-சோதனை போன்ற புள்ளியியல் கணக்குகள் எல்லாம் இதில் வருகின்றன. கணக்கு வருகிற பெண்ணுக்கு உயிரியலில் வேலையில்லை என்று உங்கள் அண்ணன் நினைப்பது, இந்தத் தாள்களை அவர் பார்க்காததால் இருக்கலாம்.

இன்னொன்று மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தியைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எச்.எஸ்.சி. உயிரியல் சொல்லுக்குச் சொல் துல்லியம் கேட்கிற பாடம். ஊடுபரவலைப் பற்றிய வினாவுக்கு, தண்ணீர் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகிறது என்று எழுதினால் எஸ்.சி.யில் ஒருவேளை விட்டுவிடுவார்கள். இங்கே நீரியல் திறன் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு, பகுதி ஊடுருவவிடும் சவ்வின் வழியாக என்று எழுதினால்தான் மதிப்பெண். விஷயம் தெரிந்தும் சொல் தவறியதால் தரம் இறங்கிய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். பழைய நான்காம் தாளிலிருந்து தரவு விளக்கும் வினா ஒன்றையும் அதன் மதிப்பீட்டு விடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் படிக்காததால் மகளுக்கு விடை வராது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடர்புடைய நான்கு பக்கங்களைப் பாடநூலில் படிக்கச் சொல்லி, விடை எழுதச் சொல்லி, அவளையே திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடைக்காத இடங்களைப் பார்த்து, ஏன் என்று அவள் தேடத் தொடங்கினால் இந்தப் பாடம் அவளுக்கு ஒத்துவரும். எரிச்சலோடு மூடி வைத்துவிட்டால், எஸ்.சி.யில் பெற்ற 3 எதையும் உறுதிப்படுத்தாது.

குவாட்ரே போர்ன் பொறியாளர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். 16, 17 வயதில் ஆர்வம் மாறும். கணிதம், இயற்பியல், வேதியியல் என்று எடுத்தவருக்குப் பொறியியல், கணினி, கட்டடக் கலை, கணக்கியல், நிதி என எல்லாப் பக்கமும் வழி திறந்திருக்கிறது. உயிரியல் எடுத்துவிட்டு இயற்பியலை விட்டவர் பின்னால் பொறியியலுக்கு வர நினைத்தால் பெரும்பாலும் முடியாது. இந்தத் தீவில் ஆய்வு வேலைகளும் எண்ணி எடுக்கக்கூடியவை. ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஆர்வம் இரண்டு ஆண்டுகளில் மாறினால் கையில் என்ன இருக்கும் என்று பெற்றோர் கேட்டுப் பார்ப்பது கடமை என்கிறேன்.

அப்பர் சிக்ஸ் மாணவி

வணக்கம். நான் இப்போது எச்.எஸ்.சி. இரண்டாம் ஆண்டான அப்பர் சிக்ஸில் உயிரியல், வேதியியல், கணிதம் படித்துக்கொண்டிருக்கிறேன். லோயர் சிக்ஸின் முதல் மூன்று மாதங்கள் எப்படி இருந்தன என்று சொன்னால் அக்காவின் மகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எஸ்.சி. உயிரியலில் எனக்கு 1 கிடைத்தது. லோயர் சிக்ஸின் முதல் தேர்வில் நூற்றுக்கு 41 வாங்கினேன். படிக்காமல் இல்லை, உயிரணுச் சவ்வைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கேட்டது பீட்ரூட் துண்டுகளைச் சூடாக்கும்போது நிறம் ஏன் வெளியேறுகிறது என்ற ஒரே ஒரு விஷயம். அந்தத் தாளை வாங்கிய அன்று பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஆசிரியை என்னை நிறுத்தி, வினாவில் உள்ள வினைச்சொல்லை முதலில் வட்டமிடு என்றார்: வர்ணிக்கச் சொல்கிறதா, விளக்கச் சொல்கிறதா, ஒப்பிடச் சொல்கிறதா. அந்த ஒரு பழக்கம் வந்த பிறகுதான் தேறினேன்.

செய்முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்து வரைவது ஓவியம் அன்று. கூரான பென்சிலால் ஒரே கோடாக வரைய வேண்டும், நிழல் தீட்டக் கூடாது, இருப்பதை மட்டும் வரைய வேண்டும், அளவு விகிதம் தவறக் கூடாது. வரைந்த படம் 40 மில்லிமீட்டர், உண்மைப் பொருள் 0.05 மில்லிமீட்டர் என்றால் உருப்பெருக்கம் 800 என்று உடனே கணக்கிடத் தெரிய வேண்டும். எங்கள் பள்ளியில் நல்ல நிலையில் இருந்த நுண்ணோக்கிகள் மிகக் குறைவு. நான்கு பேருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொண்டதில், தேர்வு நெருங்கும் வரை கண்ணருகு வில்லையின் அளவுகோலை நானே தனியாகச் சரிசெய்து பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம். சேரப்போகும் பள்ளியில் மாதத்துக்கு எத்தனை செய்முறை வகுப்புகள் நடக்கின்றன, ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர் என்று சேரும் முன்பே கேளுங்கள், அக்கா. டியூஷனில் எழுத்துப் பாடம் கிடைத்துவிடும், ஆய்வகம் கிடைக்காது.

பூ பாசென் அப்பா

என் மகனின் கதையை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மருத்துவர் ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி அவனை உயிரியலில் சேர்த்தோம். அவன் கணினிப் பாடம் கேட்டான். முதல் பருவம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். பள்ளியில் கேட்டபோது அந்த வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளும் அவன் அந்தப் புத்தகத்தை வெறுப்போடு திறந்ததை நான் பார்த்தேன். கடைசியில் உயிரியலில் டி, மற்ற இரண்டு பாடங்களும் அதனால் இழுபட்டன. மகளின் கையால் எழுதப்படாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா.

வாக்வா ஆய்வகத் தொழில்நுட்பர்

நான் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உயிரியல் என்றால் மருத்துவர், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை என் வேலையைச் சொல்லும்போதெல்லாம் உணர்கிறேன்.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தினமும் காலையில் என் மேசைக்கு வரும் இரத்த மாதிரிகளில் பெரும்பங்கு அதற்காக வருபவை. எச்.எஸ்.சி. இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் உடலின் சமநிலை என்றொரு தலைப்பு உண்டு. இன்சுலினும் குளூக்ககானும் எதிரெதிராக எப்படி வேலை செய்கின்றன என்பதும், சோதனைத் தாள்பட்டையில் குளூக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகள் சேர்ந்து நிறத்தை எப்படி உண்டாக்குகின்றன என்பதும் அதில் வருகின்றன. நான் பதினேழு வயதில் படித்த அந்த இரண்டு பக்கங்களை இன்றும் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு விளக்குகிறேன்.

பொறியாளர் அண்ணன் சொன்ன வேலைக் கணக்கில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. மருந்தியல், இயன்முறை மருத்துவம், பல் மருத்துவம், உணவுத் தொழில்நுட்பம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம் எல்லாமே உயிரியலோடு தொடர்புடையவை. 1965இல் தொடங்கப்பட்ட மொரிசியஸ் பல்கலைக்கழகம் தன் முதல் பள்ளிகளுள் ஒன்றாக வேளாண்மையைக் கொண்டிருந்தது; ரெடுயில் கரும்பு ஆராய்ச்சிக்கென்றே 1953இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது; அல்பியோனில் மீன்வள ஆராய்ச்சி மையம் உள்ளது. இடங்கள் நிறைய என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயிரியலோடு வேதியியலும் கணிதமும் வைத்திருப்பவருக்குக் கதவுகள் அடைபடுவதில்லை. அடைபடுவது வேதியியலை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் பிடித்துக்கொள்பவருக்குத்தான். மருந்தியலுக்கும் மருத்துவத்துக்கும் உயிர்வேதியியலுக்கும் முதலில் கேட்கப்படுவது வேதியியல்.

தென்னாப்பிரிக்காவில் படிக்கும் மாணவர்

நான் ரோஸ்ஹில்லில் படித்து, இப்போது தென்னாப்பிரிக்காவில் ஆறாண்டு மருத்துவப் படிப்பில் இருக்கிறேன். இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் உயிரியல் கட்டாயம் இல்லை. கணிதத்தையும் இயற்பியல்-வேதியியல் பக்கத்தையும்தான் வற்புறுத்துகிறார்கள். நானே எச்.எஸ்.சி.யில் உயிரியல் படிக்காதவன். முதலாண்டில் உயிரணு, மரபியல் பாடங்கள் வந்தபோது, மற்றவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த சொற்களை நான் இரவில் தனியாக உட்கார்ந்து கற்றேன். ஆறு மாதத்தில் சமாளித்துவிட்டேன். மருத்துவத்துக்காக மட்டும் உயிரியல் எடுக்கிறோம் என்றால், எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காரணம் நிற்கும்.

கியூர்பிப் ஓய்வுபெற்ற ஆசிரியர்

தென்னாப்பிரிக்கத் தம்பி சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். அம்மாவின் கணவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். வேதியியல், கணிதம், உயிரியல் என்று எடுத்தால் அவர் விரும்பும் வழி உயிரியல் இருந்தும் அடைபடும், ஏனெனில் இயற்பியல் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வேதியியலை விடுவதில்லை, பல கல்லூரிகள் உயிரியலையும் சேர்த்துக் கேட்கின்றன, மூன்றாவது பாடத்தில் தாராளமாக இருக்கின்றன. ஆகவே இந்தியா என்பது உறுதியானால் கணிதத்தைத் துணைப்பாடமாக இறக்கி, இயற்பியலை முதன்மைப் பாடமாக ஏற்ற வேண்டியிருக்கும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்தந்த ஆண்டின் விதிகளை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் மகளின் கடலுக்கு வருகிறேன். அலையாத்தியைக் கேட்கிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் தேர்ந்தெடுப்பும் பரிணாமமும் என்ற தலைப்பு வரும். ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை திடீரென்று மிகச் சிறியதாகிவிட்டால், பிழைத்த சிலரிடம் இருக்கும் மரபணுக்கள் மட்டுமே அடுத்த தலைமுறைகளுக்குப் போகும். பிறகு எண்ணிக்கை பெருகினாலும் பழைய மரபு வளம் திரும்பாது. பாடநூல் இதற்கு வேறு நாட்டு விலங்கு ஒன்றை எடுத்துக்காட்டாகத் தரும். எங்கள் வகுப்பில் நான் அந்தப் பக்கத்தை மூடச் சொல்வேன். 1974இல் நம் தீவின் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் இருந்ததாக அறியப்பட்டது. பாதுகாப்பு உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடன் உழைத்தவர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, பல நூறாகப் பெருக்கினார்கள். அந்த நூற்றுக்கணக்கான பறவைகளும் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள் என்பதால் அவற்றின் மரபு வேறுபாடு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். அதற்குப் பிறகு அந்தக் கருத்தை யாரும் மறந்ததில்லை.

அடுத்த தலைப்பு பல்லுயிரும் பாதுகாப்பும். பிளேன் ஷாம்பாஞ் பக்கம் சீனக் கொய்யாப் பருவத்தில் நாம் குடும்பத்தோடு போய்ப் பழம் பறிக்கிறோம். அதே செடிதான் நம் காட்டில் பிறந்த மரங்களின் கன்றுகளை எழவிடாமல் அடைத்து நிற்கும் அயல் தாவரம். 1994இல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா அமைந்த பிறகும் அதை வெட்டி அகற்றுகிற வேலை ஓயவில்லை. மாயேபூருக்கு எதிரே உள்ள இல் ஓ சேக்ரெத் தீவில், அழிந்துபோன நம் ஆமைகளின் இடத்தில் ஆல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப வேறு விலங்கு இல்லாததால் அந்த மரம் பெருக வழியின்றி இருந்தது. மகள் தங்கை வீட்டுக்குப் போகும்போது அந்தத் தீவுக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். பாடநூலில் வரும் பாதி அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

கடல் உயிரியலை நாடுகிறவருக்கு உயிரியல், வேதியியல், கணிதம் நல்ல கூட்டு. கடலில் எவ்வளவு எண்ணெய் எந்த வடிவத்தில் கலந்தது என்பது வேதியியல், எத்தனை இடங்களில் மாதிரி எடுத்தால் முடிவை நம்பலாம் என்பது புள்ளியியல்.

குவாட்ரே போர்ன் பொறியாளர்

வேதியியலும் கணிதமும் கூடவே இருக்கும்போது உயிரியலால் வழி குறுகும் என்று நான் எழுதியது மிகையாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். பொறியியலைப் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை. இயற்பியல் வேண்டாம் என்று மகள் தெளிவாகச் சொல்கிறாளா என்பதைக் கேட்டுவிடுங்கள்.

ரோஸ்ஹில் அம்மா

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் அச்செடுத்து வீட்டில் எல்லோரும் படித்தோம்.

ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். மகள் எடுத்த வினா ஒளியின் அளவுக்கும் ஒளிச்சேர்க்கை வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. ஒன்பது மதிப்பெண்ணுக்கு மூன்று வாங்கினாள். வரைபடத்தின் கோடு ஓரிடத்துக்குப் பிறகு ஏறாமல் கிடையாகப் போகிறது என்று எழுதியிருந்தாள். எந்த எண்ணிலிருந்து என்று எழுதவில்லை, அப்போது தடையாக இருப்பது எது என்றும் எழுதவில்லை. அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நான் பயந்துவிட்டேன். பிறகு அவளாகவே வந்து, கார்பன் டை ஆக்சைடு அளவை உயர்த்தினால் இந்தக் கோடு இன்னும் மேலே போயிருக்குமா அம்மா என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவள் மறுபடியும் எழுதி ஏழு வாங்கினாள்.

இந்தியாவுக்கு இயற்பியலும் வேண்டும் என்பது என் கணவருக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று வருத்தப்பட்டார். பூ பாசென் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, அவளே எழுதட்டும் என்றார். இயற்பியலில் மின்சாரப் பகுதியை நினைத்தாலே தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று மகள் சொல்கிறாள், ஆகவே பொறியாளர் ஐயாவின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. உயிரியல், வேதியியல், கணிதம் என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பள்ளியில் ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றார்கள்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் இருக்கும் நாட்களில் அவள் எதைப் படித்து வைப்பது நல்லது?

அப்பர் சிக்ஸ் மாணவி

அக்கா, முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் படிக்கட்டும்: உயிரணு அமைப்பு, உயிர் மூலக்கூறுகள். இரண்டாவதில் குளூக்கோஸின் ஆல்பா, பீட்டா வடிவங்களைப் பார்க்காமல் வரைய வருகிற வரை பழகட்டும். மாவுப்பொருளும் செல்லுலோஸும் ஏன் வேறுபடுகின்றன என்பது அங்கேதான் தொடங்குகிறது. மில்லிமீட்டரை மைக்ரோமீட்டராக மாற்றும் கணக்கை இருபது முறையாவது செய்யட்டும். நான் முதல் ஆண்டில் வரைந்த நுண்ணோக்கிப் படங்களின் ஏட்டை, ஆசிரியை சிவப்பில் திருத்தியபடியே அவளுக்குத் தருகிறேன்.

கியூர்பிப் ஓய்வுபெற்ற ஆசிரியர்

அந்த ஏடு போதும், திருத்தங்களோடு இருப்பதால் இன்னும் நல்லது. மகளின் கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிடுகிறேன்: வெப்பநிலை ஏற்றதாக இருந்து, அந்தக் கிடைக்கோட்டில் தடையாக இருந்தது கார்பன் டை ஆக்சைடுதான் என்றால், ஆம், கோடு மேலே போகும், பிறகு வேறொரு தடை வரும் இடத்தில் மீண்டும் கிடையாகும். அந்த அடுத்த தடை எதுவாக இருக்கலாம் என்று அவளையே யோசித்து எழுதச் சொல்லுங்கள்.